எண்ணெய் பூசிய மரத்தில் மின்சாரம் கசியுமா? வீட்டிலேயே அளந்து பாருங்கள்

மரப் பலகையில் சர்க்யூட் பொருத்தும்போது லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) இரண்டு கோட்டிங் அடித்துவிட்டால் ஈரம் ஏறாது, மின்சாரமும் கசியாது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். கோடையில் ஒழுங்காக வேலை செய்த டச் சுவிட்ச், ஐப்பசி மழை பிடித்ததும் யாரும் தொடாமலே விளக்கைப் போட்டு அணைக்க ஆரம்பித்தது. அப்புறம்தான் அளந்து பார்த்தேன்.

முதலில் ஒரே பலகையிலிருந்து இரண்டு துண்டு வெட்டுங்கள். இரண்டிலும் 2 செ.மீ. இடைவெளியில் இரண்டிரண்டு பித்தளைத் திருகுகளை இறக்கி ஒயர் கட்டுங்கள். எண்ணெய் பூசிய பிறகு திருகினால் பூச்சு கிழிந்துவிடும். அடுத்து ஒரு துண்டுக்கு மட்டும் ஆறு பக்கமும் எண்ணெய் பூசுங்கள், முக்கியமாக நார் குறுக்கே வெட்டுப்பட்ட முனைகளில், ஈரம் வேகமாக நுழைவது அந்த வழியாகத்தான்.

தேங்காய் எண்ணெய் உதவாது, அது இறுகிப் படலமாகாது. லின்சீட் ஆயில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது சூடு வெளிவரும். அதனால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும்! விரித்துக் காயவிடுங்கள். பலகை பத்து நாளாவது காயட்டும்.

சரி, இனி அளவு. மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் 20 மெகா ஓமில் வைத்து, அதன் இரு முனைகளையும் ஒரு துண்டின் இரண்டு ஒயர்களில் தொடுங்கள். மீட்டர் முனைகளின் உலோகத்தை விரலால் பிடிக்கக் கூடாது, உங்கள் உடம்பு வழியே மின்சாரம் போய் அளவு தப்பாகிவிடும். காய்ந்த மரத்தில் எண்ணே வராது. இப்போது இரண்டு துண்டுகளையும் ஒரு கிண்ணம் தண்ணீரோடு மூடிய டப்பாவில் வைத்து, ஒயர்களை மட்டும் வெளியே விட்டு, தினமும் இருவேளை குறித்துக்கொள்ளுங்கள். வெறும் மரத்தின் மின்தடை சீக்கிரம் இறங்கும், எண்ணெய் பூசியது மெதுவாக இறங்கும், ஆனால் இறங்காமல் இருக்காது.

ஏன்? இறுகிய எண்ணெய்ப் படலத்துக்குள்ளும் நீராவி மெல்லப் புகுந்துவிடும். மரத்துக்குள் போன ஈரத்தில் அங்கிருக்கும் உப்புகள் கரைந்து அயனிகளாக, அதாவது மின்னேற்றம் கொண்ட துகள்களாக நகர்கின்றன, மின்சாரத்தைச் சுமப்பது அவைதான். உதாரணமாக, டக்ளஸ் ஃபிர் என்ற வட அமெரிக்க ஊசியிலை மரத்தில் ஈரப்பதம் 7 சதவீதமாக இருக்கும்போது 20,000 மெகா ஓமைத் தாண்டும் மின்தடை, 20 சதவீதத்தில் சுமார் 2 மெகா ஓமுக்கு வந்துவிடுகிறது.

ஆகவே டச் சுவிட்ச் மாதிரி நுட்பமான சர்க்யூட்டை பிளாஸ்டிக் தாங்கிகளின் மேல் ஏற்றி, மரத்தில் படாமல் பொருத்துங்கள். 230 வோல்ட் இணைப்பை எண்ணெய்ப் பூச்சை நம்பி மரத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.