அமெரிக்க மாநிலங்களில் மருத்துவப் பணிகளுக்கான தேவையைக் கணக்கிடுவது எப்படி

அமெரிக்காவில் நர்ஸ் தட்டுப்பாடு என்ற செய்தி வராத ஆண்டே இல்லை. ஆனால் தட்டுப்பாடு எந்த மாநிலத்தில், எந்த வேலைக்கு, மருத்துவமனையிலா முதியோர் இல்லத்திலா என்பதை அந்தச் செய்திகள் பெரும்பாலும் சொல்வதில்லை. உரிமத்துக்கு எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது, இரண்டாண்டுப் படிப்பை எந்தப் பிரிவில் எடுப்பது என்று முடிவு செய்யவேண்டியவருக்கு இந்த விவரம்தான் முக்கியம். வேண்டிய எண்கள் எல்லாம் அரசுத் தளங்களில் இலவசமாகவே இருக்கின்றன. எந்த எண் எதைச் சேர்க்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று தெரிந்துகொண்டால், ஒரு மாநிலத்தை அலச அரை நாள் போதும்.

முதலில் குறியீடு

வேலையின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பதிவுபெற்ற செவிலியருக்கு அடுத்த நிலையில் உள்ள உரிமம் பெற்ற செவிலியரை மற்ற மாநிலங்கள் எல்பிஎன் என்று சொல்ல, டெக்சாஸும் கலிஃபோர்னியாவும் எல்விஎன் என்கின்றன. எஸ்ஓசி எனப்படும் தொழில் குறியீடு எங்கும் ஒன்றுதான். பதிவுபெற்ற செவிலியருக்கு 29-1141, எல்பிஎன் மற்றும் எல்விஎன்னுக்கு 29-2061, நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதித்தரும் நர்ஸ் பிராக்டிஷனருக்கு 29-1171, நர்சிங் உதவியாளருக்கு 31-1131, வீட்டுப் பராமரிப்பு உதவியாளருக்கு 31-1120, மெடிக்கல் அசிஸ்டென்டுக்கு 31-9092, இயன்முறை மருத்துவருக்கு 29-1123.

இந்தத் தொழில் குறியீட்டையும் துறைக் குறியீட்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பலரும் தவறுகிறார்கள். மாதாமாதம் வரும் செய்திகளில் 'மருத்துவத் துறையில் இத்தனை வேலைகள் கூடின' என்பது துறைக் கணக்கு. என்ஏஐசிஎஸ் எனப்படும் துறைக் குறியீட்டில் 62 என்ற அந்தத் துறையில் மருத்துவமனையின் கணக்காளரும் துப்புரவுப் பணியாளரும் அடக்கம். குழந்தைகள் காப்பகங்களும் அதே 62-க்குள் 624 என்ற பிரிவில் வருகின்றன. மறுபக்கம், பள்ளியில் வேலை செய்யும் செவிலியர் கல்வித் துறையில் எண்ணப்படுவார். ஏஜென்சி மூலம் வரும் டிராவல் நர்ஸ், ஆள் அனுப்பும் நிறுவனங்களின் கணக்கில் இருப்பார். மாவட்டம் நடத்தும் பொது மருத்துவமனையும் முன்னாள் படைவீரர் மருத்துவமனையும் மாதாந்திரக் கணக்கில் 'அரசு' என்ற தலைப்பின் கீழ் போய்விடும்.

அதற்காக 624-ஐ ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே உதவி செய்பவர்களில் பெரும் பகுதியினர் அங்கேதான் இருக்கிறார்கள். மருத்துவமனை வேலைக்கு 622, முதியோர் இல்லத்துக்கு 623, கிளினிக்குக்கும் வெளிநோயாளர் மையத்துக்கும் 621 என்று பிரித்துப் பாருங்கள்.

இப்போது எத்தனை பேர், என்ன சம்பளம்

இதற்கு பிஎல்எஸ் எனப்படும் தொழிலாளர் புள்ளியியல் துறையின் ஓஇடபிள்யூஎஸ் எனப்படும் தொழில்வாரியான வேலை, சம்பள அட்டவணை. மூன்று ஆண்டுகளில் ஆறு சுற்றாக ஏறத்தாழ 11 லட்சம் நிறுவனங்களிடம் கேட்டுத் தொகுப்பது. மே மாதத்தை அடிப்படையாகக் கொண்ட எண்கள் மறு ஆண்டு வெளியாகும். மாநில அட்டவணையைத் திறந்து உங்கள் குறியீட்டின் வரிசையில் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மொத்தப் பணியாளர், ஆயிரம் வேலைகளுக்கு எத்தனை, லொக்கேஷன் கோஷன்ட். கடைசி எண் 1 என்றால் அந்தத் தொழிலின் பங்கு நாட்டின் சராசரி அளவில் இருக்கிறது. 0.8 என்றால் குறைவு. குறைவாக இருப்பதாலேயே தட்டுப்பாடு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இளைஞர்கள் நிறைந்த யூட்டாவுக்கும் முதியோர் நிறைந்த மெய்னுக்கும் ஒரே அளவு செவிலியர் தேவைப்படாது.

சம்பளத்தில் சராசரியையும் இடைநிலையையும் கலக்கக் கூடாது. நாடு முழுவதற்கும் பதிவுபெற்ற செவிலியரின் இடைநிலைச் சம்பளம், அதாவது எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவர் வாங்குவது, 2023 மே மாதத்தில் 86,070 டாலர். அதே மாதத்தில் கலிஃபோர்னியாவின் சராசரி 1,37,690 டாலர். இரண்டும் வெவ்வேறு வகை அளவு. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இடைவெளி தவறாகத் தெரியும். புதிதாக வேலையில் சேர்பவர் பார்க்கவேண்டியது இரண்டுமே இல்லை, 10-வது, 25-வது சதமானம், அதாவது அந்த வரிசையில் கீழிருந்து 10, 25 சதவீத இடத்தில் நிற்பவர் வாங்குவது.

செவிலியருக்கு முக்கியமான இன்னொரு விஷயம்: இந்தச் சம்பளத்தில் ஓவர்டைமும் இரவு ஷிஃப்டுக்கான கூடுதல் தொகையும் சேராது. ஆண்டுச் சம்பளம் என்பது மணிக்கூலியை 2,080 மணியால் பெருக்கியது மட்டுமே. வாரம் மூன்று நாள், நாளுக்கு 12 மணி நேரம் என்ற வழக்கமான மருத்துவமனை அட்டவணையில் ஆண்டுக்கு 1,872 மணி நேரம்தான் வரும். அப்படி வேலை செய்பவர் மணிக்கூலியை 1,872-ஆல் பெருக்கிப் பார்ப்பதே சரி.

மாநிலத்தின் விலைவாசிக்கு, பொருளாதாரப் பகுப்பாய்வுத் துறை வெளியிடும் பிராந்திய விலைக் குறியீட்டை எடுங்கள். நாட்டின் சராசரி அதில் 100. கலிஃபோர்னியாவுக்கு 112 என்று வைத்தால், 1,37,690-ஐ 1.12-ஆல் வகுக்க ஏறத்தாழ 1,22,900 வரும். பெருநகரங்களுக்குத் தனிக் குறியீடு உண்டு. வேலை எந்த ஊரில் என்று தெரிந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

இந்த அட்டவணையை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டு 'வளர்ச்சி' கண்டுபிடிக்கக் கூடாது. மூன்று ஆண்டு மாதிரிகளைக் கலந்து கட்டியதால் திடீர் மாற்றம் அதில் மெதுவாகத்தான் தெரியும். சுயதொழில் செய்பவர்களையும் அது எண்ணாது. பல் மருத்துவர், சொந்த கிளினிக் வைத்திருக்கும் சிகிச்சையாளர் போன்றோரின் எண்ணிக்கை அதனால் குறைவாகத் தெரியும்.

வளர்ச்சி சதவீதத்தை நம்பாதீர்கள்

எதிர்காலக் கணிப்பில் பலரும் பார்ப்பது 'பத்தாண்டில் இத்தனை சதவீத வளர்ச்சி' என்ற எண்ணை. முடிவெடுக்க மிகக் குறைவாக உதவுவதும் அதுதான்.

2022 முதல் 2032 வரையிலான தேசியக் கணிப்பில் பதிவுபெற்ற செவிலியர் வேலைகள் பத்தாண்டில் 1,77,400 கூடும் என்று சொல்லப்பட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 17,740. அதே கணிப்பில் ஆண்டுதோறும் ஏற்படும் காலியிடங்கள் 1,93,100. பத்தில் ஒன்பது இடங்களுக்கு மேல், ஓய்வு பெறுபவர்களும் வேறு தொழிலுக்குப் போகிறவர்களும் விட்டுச் செல்பவை. வளர்ச்சி அறவே இல்லாத மாநிலத்திலும் ஆள் தேவைப்படும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆண்டுக் காலியிடத்தை இப்போதுள்ள பணியாளர் எண்ணிக்கையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். மேற்சொன்ன செவிலியர் கணக்கில் அடிப்படை எண்ணிக்கை 31,72,500. விடை ஏறத்தாழ 6. வீட்டுப் பராமரிப்பு உதவியாளருக்கு அடிப்படை 37,15,500, ஆண்டுக் காலியிடம் 6,84,600. விடை 18-க்கு மேல். அந்த 18-ஐப் பார்த்து மகிழ வேண்டாம். முதுமை கூடிவரும் நாட்டில் அந்த வேலை வளர்கிறது என்பது உண்மை, ஆனால் வளர்ச்சியின் பங்கு அதில் எட்டில் ஒரு பாகம்தான். மிச்சமெல்லாம் ஆட்கள் விட்டுப் போவதால் வருவது. 2023-இல் அவர்களுடைய இடைநிலை ஆண்டுச் சம்பளம் 33,530 டாலர். ஏன் விட்டுப் போகிறார்கள் என்பதற்கு அந்த எண்ணிலேயே பெரும்பகுதி விடை இருக்கிறது. காலியிடம் நிறைய இருப்பது சில வேலைகளில் நல்ல அறிகுறி, சில வேலைகளில் எச்சரிக்கை. சம்பளத்தைப் பக்கத்தில் வைக்காமல் அதைப் படிக்கக் கூடாது.

மாநிலக் கணிப்புகளை ஒரே இடத்தில் பார்க்க புரொஜெக்ஷன்ஸ் சென்ட்ரல் தளம் இருக்கிறது. பத்தாண்டுக் கணிப்பு, இரண்டாண்டுக் கணிப்பு என்று இரண்டு உண்டு. படிக்கத் தொடங்குபவருக்குப் பத்தாண்டு, உடனே வேலை தேடுபவருக்கு இரண்டாண்டு. ஒவ்வொன்றும் எந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டது என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். தேசியக் கணிப்பு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும், மாநிலத்துடையது அத்தனை வேகமாக வராது. சுயதொழிலையும் சேர்ப்பதால் இங்குள்ள பணியாளர் எண்ணிக்கை ஓஇடபிள்யூஎஸ் எண்ணோடு பொருந்தாது, அது பிழையல்ல.

இன்னொரு நுணுக்கம். ஒரு மருத்துவமனையை விட்டு இன்னொரு மருத்துவமனைக்குச் செல்லும் செவிலியரால் உருவாகும் இடம் இந்தக் காலியிடக் கணக்கில் வராது. தொழிலையே விட்டவர்களின் இடமும் வளர்ச்சியால் கூடும் இடமும்தான் வரும். இணையத்தில் தெரியும் விளம்பரங்கள் இதைவிடப் பல மடங்கு இருப்பதற்கு இது ஒரு காரணம். ஒரே இடத்தை மருத்துவமனையும் நான்கு ஏஜென்சிகளும் தனித்தனியாக விளம்பரம் செய்வது இன்னொரு காரணம்.

வரத்து எவ்வளவு

தேவையை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. மாநில நர்சிங் வாரியங்கள் கல்லூரி வாரியாக என்க்ளெக்ஸ் எனப்படும் செவிலியர் உரிமத் தேர்வில் முதல் முயற்சியில் எழுதியவர், தேறியவர் எண்ணிக்கையை வெளியிடுகின்றன. எல்லாக் கல்லூரிகளையும் கூட்டுங்கள்.

கற்பனையாக இரண்டு மாநிலங்களை எடுப்போம். முதலாவதில் 20,000 செவிலியர், பத்தாண்டு வளர்ச்சி 12 சதவீதம், ஆண்டுக் காலியிடம் 1,300, தேறுபவர் 1,500. இரண்டாவதில் 90,000 செவிலியர், வளர்ச்சி 5 சதவீதம், காலியிடம் 5,600, தேறுபவர் 3,900. வளர்ச்சி சதவீதத்தில் முதல் மாநிலம் முந்துகிறது. காலியிடத்தைத் தேறுபவரால் வகுத்தால் முதலாவதற்கு 0.87, இரண்டாவதற்கு 1.44. வெளியிலிருந்து வருபவருக்கு இடம் இரண்டாவதில்தான் இருக்கிறது.

உரிமம் பெற்றவர் எண்ணிக்கையை வரத்தாக எடுக்காதீர்கள். அதில் ஓய்வு பெற்றும் உரிமத்தைப் புதுப்பித்து வைத்திருப்பவர்களும் வேறு மாநிலத்தில் வேலை செய்பவர்களும் இருப்பார்கள். செவிலியர் உரிம ஒப்பந்தத்தில் சேர்ந்த மாநிலங்கள் 40-க்கும் மேல். அவற்றில் ஒன்றில் குடியிருந்து பலமாநில உரிமம் பெற்றவர் மற்றவற்றிலும் வேலை செய்யலாம். கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் அதில் சேரவில்லை. அங்கே தனி உரிமம் வேண்டும், காத்திருப்பு நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

எச்ஆர்எஸ்ஏ என்ற மத்திய அமைப்பு அறிவிக்கும் பற்றாக்குறைப் பகுதிகளும் பயன்படும், ஆனால் எதை அளக்கின்றன என்று தெரிந்து பயன்படுத்தவேண்டும். அடிப்படை மருத்துவத்தில் 3,500 பேருக்கு ஒரு மருத்துவர் என்பது பொது எல்லை. தேவை மிகுந்த இடங்களுக்கு 3,000. பல் மருத்துவத்தில் 5,000-க்கு ஒருவர். இங்கே எண்ணப்படுவது மருத்துவர்களை. நர்ஸ் பிராக்டிஷனர் எண்ணிக்கை சேராது. ஒரு மாவட்டம் இந்தப் பட்டியலில் இருப்பதால் அங்கே செவிலியர் வேலை கொட்டிக்கிடக்கிறது என்று பொருளில்லை. மருத்துவமனையே இல்லாத ஊராகவும் அது இருக்கலாம். ஜே-1 விசாவில் பயிற்சி முடித்த மருத்துவர்களுக்கு இந்தப் பட்டியல் மிக முக்கியம்: கான்ராட் 30 திட்டத்தில் ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 30 பேருக்குத்தான், பயிற்சிக்குப் பின் இரண்டாண்டு சொந்த நாட்டுக்குத் திரும்பவேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கு பரிந்துரைக்க முடியும். பெரிய மாநிலத்துக்கும் சின்ன மாநிலத்துக்கும் அதே 30.

மாநிலச் சட்டம்

இதை எந்த அட்டவணையும் காட்டாது. கலிஃபோர்னியாவில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்பதைச் சட்டமே வரையறுக்கிறது. 1999-இல் இயற்றப்பட்டு 2004-இல் நடைமுறைக்கு வந்தது. தீவிர சிகிச்சையில் இருவர், பொது வார்டில் ஐவர். நோயாளிகள் கூடினால் செவிலியரும் கூடியே ஆகவேண்டும். அப்படிச் சட்டம் இல்லாத மாநிலத்தில் அதே கூட்டத்தை இருப்பவர்களே சமாளிப்பார்கள், காலியிடம் உருவாகாது. வேலைச் சுமையும் அதில்தான் தெரியும். குறைந்த வருமானத்தாருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் விரிவாக்கத்தையும் பாருங்கள்: டெக்சாஸும் ஃபுளோரிடாவும் அதை ஏற்கவில்லை. கட்டணம் கட்ட முடியாத நோயாளிகள் அதிகம் உள்ள கிராமப்புற மருத்துவமனைகள் தடுமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாதாந்திர எண்களைச் சரிபார்த்தல்

இப்போது ஆள் எடுப்பு சூடுபிடித்திருக்கிறதா என்று பார்க்க சிஇஎஸ் எனப்படும் சம்பளப் பட்டியல் ஆய்வு. மாநில எண்கள் வழக்கமாகத் தேசிய எண்களுக்குச் சில வாரங்கள் கழித்து வரும். ஒரு மாத ஏற்றத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள், கூடவே மூன்று மாதச் சராசரியையும் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இந்த எண்கள் திருத்தப்படும். அந்தத் திருத்தத்துக்கு அடிப்படையான கியூசிஇடபிள்யூ, வேலையிழப்புக் காப்பீட்டு வரிக் கணக்கிலிருந்து வருவது. 95 சதவீதத்துக்கும் மேற்பட்ட வேலைகள் அதில் அடங்கும். பல மாதம் தாமதமாக வந்தாலும், கவுன்ட்டி அளவில் நம்பக்கூடியது அதுதான். தனியார், மாநில, உள்ளாட்சி, மத்திய அரசு என்று உரிமையாளர் வாரியாகவும் பிரிக்கலாம். முன்பு சொன்ன பொது மருத்துவமனைகளை அங்கே மீட்டெடுத்துவிடலாம்.

மாநில வேலையின்மை விகிதத்தை விட்டுவிடுங்கள். அது வசிக்கும் இடத்தை வைத்து எல்லாத் தொழில்களுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. நியூஜெர்சியில் குடியிருந்து மன்ஹாட்டனில் வேலை செய்யும் செவிலியரைப் பற்றி அதில் எதுவும் தெரியாது. ஜோல்ட்ஸ் எனப்படும் காலியிட ஆய்வின் மாநில அளவிலான எண்ணும் துறை வாரியாகப் பிரிக்கப்படுவதில்லை.

முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கப் போகிறவருக்கு மட்டும் ஓர் அருமையான ஆதாரம் உண்டு. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேரின் நிர்வாகம் வெளியிடும் பேரோல் பேஸ்டு ஜர்னல். ஒவ்வொரு இல்லத்திலும் ஒவ்வொரு நாளும் எத்தனை நோயாளிகள், பதிவுபெற்ற செவிலியர், எல்பிஎன், உதவியாளர் ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் என்று அதில் இருக்கும். சொந்தப் பணியாளரின் நேரமும் ஒப்பந்தப் பணியாளரின் நேரமும் தனித்தனிப் பத்தியில் வரும். ஒப்பந்த நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்துப் பாருங்கள். அந்த விகிதம் காலாண்டுக்குக் காலாண்டு ஏறிக்கொண்டே போனால், அந்த இல்லத்தால் ஆட்களைத் தக்கவைக்க முடியவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். சம்பளம் பேசும்போது அது உங்களுக்குச் சாதகம். ஆனால் சேருவதற்கு முன், வார இறுதி நாட்களின் எண்களைத் தனியாக எடுத்து ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் விழுகிறார்கள் என்று பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.