பட்டி கட்டிப் பாரம் தூக்கப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் கொக்குவில், திருநெல்வேலிப் பக்கத்து ஜிம்களில் இப்போது பெடியள் புயத்தைச் சுற்றி எதையாவது இறுக்கிக் கட்டிக்கொண்டு சின்ன டம்பெல் தூக்குவதைப் பார்க்கலாம். இரத்த ஓட்டத்தை ஓரளவு மறித்துச் சின்னப் பாரத்தோடே தசையை வளர்க்கும் பி.எஃப்.ஆர் (இரத்த ஓட்டக் கட்டுப்பாடு) என்ற பயிற்சி அது. சிலர் கட்டியிருப்பது பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிய துண்டு. தம்பிமாரே, முதலில் அதைக் கழற்றுங்கள். விரல் அகலமே உள்ள ரப்பர் இரத்தத்தை மறிக்க வேண்டுமென்றால் மிகக் கூடிய அழுத்தம் தேவை, அந்த அழுத்தம் முழுவதும் ஒரே கோட்டில் நரம்பின் மேல் இறங்கும். அப்புறம் விரல் நுனி விறைத்துக்கொண்டே இருக்கிறது என்று டொக்டரிடம் ஓடவேண்டி வரும். பட்டி அகலமாக இருக்கவேண்டும்: கைக்குக் குறைந்தது 5 சென்ரிமீற்றர், தொடைக்கு 7, 8 சென்ரிமீற்றருக்கு மேல். அகலம் கூடக் கூடக் குறைந்த அழுத்தமே போதும், இதுதான் அடிப்படை.

இந்தப் பயிற்சியில் நடப்பது என்னவென்றால், புயத்தின் உச்சியில் அல்லது தொடையின் உச்சியில் பட்டியைக் கட்டி, நாடி வழியாக வரும் இரத்தத்தை ஓரளவு உள்ளே விட்டு, நாளம் வழியாகத் திரும்பிப் போகும் இரத்தத்தை மறிக்கிறோம். தசைக்குள் ஒட்சிசன் குறையும், தசை வேலை செய்யும்போது உண்டாகும் லக்ரேற் போன்றவை தேங்கும், சின்னப் பாரத்துக்கு வழமையாக வேலைக்கு வராத பெரிய தசை இழைகளும் நேரத்தோடு வேலைக்கு இழுக்கப்படும். உங்களால் ஒரேயொரு தடவை தூக்கக்கூடிய ஆகக்கூடிய பாரத்தில் 20 முதல் 30 வீதத்தோடே தசை வளர்வது இதனால்தான். ஜப்பானில் யோஷியாகி சாதோ என்பவர் 1966 இல் ஒரு பௌத்தச் சடங்கில் நெடுநேரம் மண்டியிட்டிருந்து கெண்டைக்கால் விறைத்ததைக் கவனித்து இந்த யோசனைக்கு வந்தார். 1973 இல் பனிச்சறுக்கில் காலில் அடிபட்டு மாவுக்கட்டோடு இருந்தபோது அந்தக் காலிலேயே செய்தும் பார்த்தார். அவருடைய முறைக்குப் பெயர் காட்சு.

தசையின் பருமன் விடயத்தில் இது கனத்த பாரத்துக்குக் கிட்ட வந்துவிடும், ஆனால் பலம் அந்தளவுக்குக் கூடாது. பவர்லிஃப்டிங் போட்டிக்குப் போகிறவர் கனத்த ஸ்குவாற்றை (பாரத்தோடு குந்தி எழும்புவதை) விட்டுவிட்டு இதைச் செய்தால் போட்டியில் கஷ்டப்படுவார். என்னைக் கேட்டால் இது உண்மையில் கைகொடுப்பது கனத்த பாரம் தூக்க ஏலாதவர்களுக்கு. எங்கள் மைதானங்களில் உதைபந்து விளையாடி முழங்காலைத் திருப்பி, சவ்வு அறுந்து, ஒப்பரேசன் முடிந்து வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் தொடை எவ்வளவு கெதியாக வற்றிப்போகிறது என்று அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும். அந்தக் காலுக்கு 60 கிலோ கொடுக்க முடியாது, 5 கிலோ கொடுக்கலாம். அப்படியானவர்கள் பிசியோதெரபிஸ்ற்றிடம் போய், அவர் சம்மதித்த பிறகு, அவர் பார்த்துக்கொண்டிருக்கச் செய்யவேண்டும். ஒப்பரேசன் செய்த காலில் தானாகக் கட்டுவது கூடவே கூடாது.

காலில் அல்லது நுரையீரலில் இரத்தக்கட்டி எப்போதாவது வந்தவர்கள், இரத்தம் உறைவதில் பிரச்சினை உள்ளவர்கள், பிறஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், இருதய நோயாளர், கர்ப்பிணிகள், கால் நாளங்கள் சுருண்டு புடைத்திருப்பவர்கள், சீனி வருத்தத்தால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள், புற்றுநோய்க்கு வைத்தியம் செய்பவர்கள் இதைத் தொடவேண்டாம். டொக்டர் உங்கள் உடம்பைப் பார்த்துச் சரி என்று சொன்னால் மட்டும் அது வேறு கதை.

இப்போது இறுக்கம். எல்லாம் இதில்தான் இருக்கிறது, ஆகக் கூடுதலாகப் பிழைப்பதும் இதில்தான். ஆளுக்கு ஆள் கையின் பருமன் வேறு, பிறஷர் வேறு, அதனால் நண்பன் இறுக்கிய அளவு உங்களுக்குச் சரிவராது. முறையாகச் செய்யும் இடங்களில் இரத்த ஓட்டத்தை ஒலியலையால் அறியும் டொப்ளர் கருவியை வைத்து, எந்த அழுத்தத்தில் நாடி ஓட்டம் முழுதாக நிற்கிறது என்று பார்த்து, அதில் 40 முதல் 80 வீதத்தைப் பாவிப்பார்கள். கைக்கு அந்த வரம்பின் கீழ்ப்பக்கம், காலுக்கு மேல்ப்பக்கம்.

வீட்டில் கைக்கு மட்டும் ஓரளவுக்கு இதைச் செய்யலாம். கையால் பம்ப் அடிக்கும் பிறஷர் மெஷின் ஒன்று வேண்டும், தானாக வேலை செய்யும் டிஜிற்றல் மெஷின் சரிவராது, அது தன்பாட்டில் காற்றை இறக்கிவிடும். கஃப்பை, அதாவது அதன் காற்றுப் பட்டியை, புயத்தில் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே சுற்றுங்கள். பயிற்சி செய்யும் நிலையிலேயே இருங்கள், நின்று செய்வதென்றால் நின்றபடி. மற்றக் கையின் இரண்டு விரல்களால் கட்டிய கையின் மணிக்கட்டில், பெருவிரல் பக்கம், நாடியைப் பிடியுங்கள். பம்பை இன்னொருவர் மெதுவாக அடிக்கட்டும். ஒரு கட்டத்தில் துடிப்பு விரலுக்குத் தெரியாமல் போகும், அந்த எண்ணைப் பாருங்கள், உடனே காற்றைத் திறந்துவிடுங்கள். 130 இல் துடிப்பு மறைந்தது என்று வையுங்கள், அதில் 50 வீதம் 65. கஃப்பை 65 க்கு ஏற்றி வால்வை வடிவாக மூடிவிட்டு அந்த அழுத்தத்தில் செய்யுங்கள். இப்போது மணிக்கட்டில் நாடி கட்டாயம் துடிக்கவேண்டும். துடிக்கவில்லை என்றால் அது பயிற்சி இல்லை, கைக்குச் செய்யும் கொடுமை.

இந்த மெஷினின் கஃப் தொடைக்கு எட்டாது. மெஷினும் இல்லை, பிசியோவும் இல்லை என்றால், முழங்காலுக்கென்று விற்கும் அகல இலாஸ்ரிக் பட்டியைத் தொடையின் அல்லது புயத்தின் உச்சியில் கட்டலாம். இறுக்கம் ஒன்றும் இல்லாதது 0, தாங்கவே முடியாதது 10 என்று மனதில் வைத்து, தொடைக்கு 7 க்கு மேலே போகாமல், கைக்கு அதைவிடக் குறைவாக, 5 அல்லது 6 இல் நிறுத்துங்கள். இந்தக் கணக்கு ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறும், ஆகவே சந்தேகம் வந்தால் தளர்த்துங்கள். முழங்கை, முழங்கால், கெண்டைக்கால் இந்த இடங்களில் கட்டக்கூடாது, கழுத்து, நெஞ்சுப் பக்கம் நினைக்கவே கூடாது.

பாரத்தைத் தெரிவது சுலபம். ஒரு கையால் 15 கிலோவை ஒரு தடவை மடக்கித் தூக்க முடிந்தால் 3 முதல் 4.5 கிலோ. ஜிம்முக்குப் போக வசதியில்லை என்றால் 5 லீற்றர் தண்ணீர்க் கானில் 3 லீற்றர் நிரப்பினால் 3 கிலோதான், காசு செலவே இல்லை. முதல் செற் 30 தடவை. 30 செக்கன் ஓய்வு. பிறகு 15, ஓய்வு, 15, ஓய்வு, 15. மொத்தம் 75. ஓய்வின்போது பட்டியைக் கழற்றக்கூடாது, 75 உம் முடிந்தவுடன் கழற்றவேண்டும். ஏற்ற இரண்டு செக்கன், இறக்க இரண்டு செக்கன், வீசித் தூக்க வேண்டாம். மூன்றாவது செற்றில் தசை எரியும், நாலாவதில் பல்லைக் கடிக்கவேண்டி வரும், அது சரியான அறிகுறி. கடைசி 15 ஐ முடிக்க ஏலாவிட்டால் முதலில் இறுக்கத்தைக் குறையுங்கள், அப்படியும் ஏலாவிட்டால் பாரத்தை. 75 உம் சும்மா போனால் பாரத்தை அரைக் கிலோ ஏற்றுங்கள், பட்டியை மேலும் இறுக்க வேண்டாம்.

ஓய்வு நேரத்தில் போனைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். சிவந்து, நாளம் புடைத்து, பாரமாக இருந்தால் சரி. உள்ளங்கையைப் பெருவிரலால் அழுத்தி விடுங்கள், வெள்ளையான இடம் 3 செக்கனுக்குள் திரும்பச் சிவக்கவேண்டும். அதைவிடப் பிந்தினால் இறுக்கம் கூடிவிட்டது. கை வெளிறினால், நீலம் பாய்ந்தால், குளிர்ந்தால், ஊசி குத்துவதுபோல் இருந்தால், விறைத்தால், பட்டிக்குக் கீழே கூர்மையாக நொந்தால், எண்ணிக்கை எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் உடனே கழற்றுங்கள். கட்டியபடி கையில் 15 நிமிடத்துக்கும் காலில் 20 நிமிடத்துக்கும் மேல் போகக்கூடாது.

கிழமைக்கு 2 அல்லது 3 நாள் போதும். நல்ல சுகத்தோடு இருந்து கனத்த பாரம் தூக்குகிறவர்கள் அதை முடித்துவிட்டுக் கடைசியில் இதைச் சேர்க்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர் முதல் கிழமை 30, 15 இரண்டு செற்றோடு நிற்கவேண்டும், ஒரேயொரு பயிற்சி மட்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: பழக்கமில்லாத தசையை முதல் நாளே கசக்கினால் தசை உடைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை வரலாம், அப்படி ஆனவர்கள் இருக்கிறார்கள். சித்திரை, வைகாசி வெக்கையில் தகரக் கூரைக்குக் கீழே தண்ணீர் குடிக்காமல் செய்தால் ஆபத்து இன்னும் கூடும். அடுத்த ஓரிரு நாளில் சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனாலோ, கை மடக்க முடியாதளவு வீங்கினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலும் அப்படித்தான். மூச்சு முட்டினால் 1990 க்கு அடித்து சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

பாரமே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி நடை. தொடையில் பட்டியோடு 2 நிமிடம் மெதுவாக நடந்து ஒரு நிமிடம் நிற்பது, இப்படி 5 தடவை. ஆய்வுகளில் பாவித்த வேகம் நிமிடத்துக்கு 50 மீற்றர், அதாவது கடைக்குப் போகிற ஆறுதலான நடைதான். வீட்டு முற்றத்திலேயே செய்யலாம், றோட்டில் வேண்டாம், ஏனென்றால் கால் பாரமாகித் தடுக்கினால் பிடிக்கச் சுவர் வேண்டும்.