வேலூர் காரத்துக்கு ஏத்த ரெட் ஒயின், பட்ஜெட்டுக்குள்ள எடுக்கறது எப்படி

ரெட் ஒயின் வாங்கப் போறவங்க முதல்ல கேக்கறது "எந்த பிராண்டு நல்லாருக்கும்?"னுதான். அதுக்கு முன்னாடி இன்னிக்கு நைட்டு வீட்ல என்ன சமையல்னு பாருங்க. நெட்ல கெடைக்கற முக்காவாசி டிப்ஸ் வெளிநாட்டு சாப்பாட்ட மனசுல வச்சி எழுதினது, காரமும் புளியும் தூக்கலா இருக்கற நம்ம வட ஆற்காட்டு சாப்பாட்டுக்கு அத அப்படியே புடிச்சிக்கினு போனா காசும் போவும் வாயும் எரியும்.

ரெட் ஒயின்ல புரிஞ்சிக்க வேண்டிய முதல் விஷயம் டானின். திராட்சையோட தோல்லயும் கொட்டைலயும் இருந்து வர்றது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆளுங்களுக்கு டானின்னாலே தோல் ஷாப்புதான் ஞாபகம் வரும், அதே வகை சமாச்சாரம்தான் இதுவும். ஆவாரம்பட்டைலயும் கடுக்காய்லயும் இருக்கற டானின் தோல்ல இருக்கற புரோட்டீனோட ஒட்டிக்கும், அதனாலதான் பதப்படுத்தின தோல் அழுகாம நிக்குது. ஒயின் குடிக்கும்போது அதே வேலை நம்ம வாயில நடக்குது, எச்சில்ல இருக்கற புரோட்டீனோட டானின் ஒட்டிக்கறதால நாக்கும் ஈறும் வறண்டு போய் இழுத்துப் புடிச்ச மாதிரி ஆவுது, கடுக்காய கடிச்சவங்களுக்கு அந்த துவர்ப்பு நல்லாவே தெரியும். இதுல நமக்கு ஆவுற விஷயம் என்னன்னா, கூடவே கொழுப்பும் புரோட்டீனும் உள்ள கறி இருந்தா டானின் அதோட போய் ஒட்டிக்கும், ஒயின் சாஃப்ட்டா தெரியும், ஆனா வெறும் காரம் மட்டும் இருந்தா துவர்ப்பு, கசப்பு, எரிச்சல் மூணும் ஒண்ணா சேந்து ஏறும். ஆல்கஹால் அளவும் முக்கியம், மிளகாய் எந்த நரம்ப தூண்டுதோ அதையேதான் ஆல்கஹாலும் தூண்டுது, அதனால 14.5 சதவீத ஒயினோட ஆந்திரா ஸ்டைல் கோழி வறுவல் சாப்ட்டா காரம் இன்னும் ஜாஸ்தியா தெரியும்.

அதனால நம்ம ஊருக்கு கணக்கு இதுதான்: காரம் ஏற ஏற டானினும் ஆல்கஹாலும் எறங்கணும், பழ வாசனை தூக்கலா இருக்கணும். ஆல்கஹால் சதவீதம் லேபிள்லயே போட்டிருக்கும், 12லருந்து 13 வரைக்கும் உள்ளத எடுங்க. திராட்சை வகைல பாத்தா மெர்லோ, ஜின்ஃபாண்டல் (இதுல மட்டும் சதவீதத்த கண்டிப்பா பாருங்க, சிலது 15 வரைக்கும் போவும்), பினோ நுவார் இதெல்லாம் பொதுவா சாஃப்ட். கேபர்னே சாவிஞான் தனியா வந்தா டானின் அதிகம். ஷிராஸ் நடுவுல, அதுலயே லேசா மிளகு வாசனை இருக்கறதால நம்ம மசாலாவோட நல்லாவே போவும். "ரிசர்வ்"னு போட்டதுன்னா பெரும்பாலும் மரப்பீப்பாய்ல வச்சிருப்பாங்க, பீப்பாய்லருந்தும் டானின் எறங்கும், விலையும் கூட. கார சாப்பாட்டுக்கு அந்த எக்ஸ்ட்ரா காசு தேவையே இல்ல, பிரியாணி மசாலா முன்னாடி அந்த பீப்பாய் வாசனை சுத்தமா காணாம போயிடும்.

கடை விஷயம். நமக்கு இருக்கறது டாஸ்மாக்தான், சாதாரண கடைல ரெட் ஒயின் ஒண்ணு ரெண்டு வகை இருந்தாலே பெரிசு, எலைட் கடைல கொஞ்சம் கூடுதலா கெடைக்கும். மதியம் 12லருந்து ராத்திரி 10 வரைக்கும் கடை, 21 வயசு ஆயிருக்கணும். கூட்டம் இல்லாத நேரம் போயி "அண்ணா, டிரை ரெட் ஒயின் என்னென்ன இருக்கு, கொஞ்சம் காட்டுங்க"ன்னு கேட்டு பாட்டில கைல வாங்கிப் பாருங்க. "டிரை"ன்னு (அதாவது இனிப்பு இல்லாதது) சொல்ல மறந்துடாதீங்க, சொல்லலன்னா போர்ட் ஒயின எடுத்து நீட்டுவாங்க. போர்ச்சுகல்ல டூரோ பள்ளத்தாக்குல செய்யற நெஜ போர்ட்னா ஒயின்ல திராட்சை ஸ்பிரிட் ஊத்தி 20 சதவீதம் கிட்ட வச்சிருப்பாங்க, நம்ம ஊர்ல அந்தப் பேர்ல கம்மி விலைக்கு வர்றது இனிப்பு ஒயின், குழம்பு சோறோட அது திகட்டிடும்.

பாட்டில் கைக்கு வந்ததும் மூணு விஷயம் பாக்கணும். கார்க் மேல தள்ளிக்கினு நிக்குதா, கழுத்துல பிசுபிசுன்னு ஒழுகின கறை இருக்கா, தயாரிச்ச வருஷம் என்ன. நம்ம வேலூர் வெயில் மே மாசத்துல 40 டிகிரிய தாண்டுற வெயில், ஏசி இல்லாத கடைல ஒரு கோடை முழுக்க நின்ன ஒயின் உள்ளயே வெந்து போன மாதிரி ஆயிடும், பழ வாசனை போயி வேக வச்ச திராட்சை வாசனைதான் இருக்கும். பழசானா ஒயின் நல்லாருக்கும்னு எல்லாரும் சொல்றது ரொம்ப கொஞ்சம் ஒயினுக்குத்தான் பொருந்தும், பட்ஜெட் ரெட் எல்லாம் வந்த ரெண்டு மூணு வருஷத்துல குடிக்கறதுக்குன்னே செஞ்சது, புது வருஷத்து பாட்டில எடுங்க. திருகு மூடி போட்டிருந்தா மட்டமான ஒயின்னு நெனைக்காதீங்க, அன்னிக்கே குடிக்கற ஒயினுக்கு அதுதான் வசதி, கார்க் திருகி வேற தேட வேணாம்.

இம்போர்ட்டட்டா இந்தியனான்னு கேட்டா, பட்ஜெட்டுக்குள்ளன்னா நான் இந்தியன்தான் சொல்வேன். வெளிநாட்டு ஒயின் மேல கஸ்டம்ஸ் டூட்டியே 150 சதவீதம்னுதான் பல வருஷமா இருந்துச்சு. ஆஸ்திரேலியா கூட போட்ட ஒப்பந்தம் 2022 டிசம்பர்ல அமலுக்கு வந்தப்போ 5 டாலருக்கு மேல உள்ள பாட்டிலுக்கு 100 ஆக்கி, அங்கேருந்து வருஷா வருஷம் எறக்கறாங்க. அதுக்கு மேல மாநில வரி வேற. அதே காசுக்கு நாசிக் சூலாவோட ஷிராஸ் கேபர்னே, சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜ்ல இருக்கற ஃபிராடெல்லியோட சாஞ்சோவேசே (இதுவும் ஒரு திராட்சை வகைதான்), நந்தி மலை பக்கத்து குரோவர் சாம்பா இதுல எது கெடைக்குதோ அத எடுத்தா நீங்க குடுக்கற காசுல ஒயினுக்குன்னு போற பங்கு அதிகம். வெளிநாட்டுதுதான் வேணும்னா ஆஸ்திரேலியா ஜேக்கப்ஸ் கிரீக் மாதிரி ஒண்ண பாருங்க, பழ வாசனை நல்லாவே இருக்கும். பெங்களூர்ல சாய்ஸ் அதிகம்னு அங்கேருந்து பாட்டில் பாட்டிலா கட்டிக்கினு வராதீங்க, பார்டர் செக்போஸ்ட்ல மாட்டினா தேவையில்லாத தலவலி.

இப்ப சாப்பாடு. ஆம்பூர் பிரியாணின்னா காஞ்ச மிளகாய் அரைச்சுப் போட்டது, கூட புளி ஊத்தின எண்ணெய் கத்தரிக்கா வேற. இங்க மெர்லோவோ சாஃப்ட்டான ஷிராஸோ நல்லா போவும், தயிர் பச்சடிய மட்டும் விட்டுடாதீங்க, தயிர்ல இருக்கற புரோட்டீன் காரத்தையும் டானினையும் சேத்து அடக்கும். கத்தரிக்கா புளிக்கு முன்னாடி புளிப்பு கம்மியான ஒயின் சப்புன்னு தெரியும், அதனால இயற்கையாவே புளிப்பு தூக்கலா இருக்கற சாஞ்சோவேசே கெடைச்சா நான் முதல்ல அதத்தான் எடுப்பேன். நம்ம இலவம்பாடி முள்ளு கத்தரிக்கா (2023ல புவிசார் குறியீடு வாங்கினது) குழம்புக்கும் அதேதான். மட்டன் சாப்ஸ், பீஃப் சுக்கா, ஆட்டுக்கால் பாயான்னு கொழுப்பு உள்ள அயிட்டம்னா தைரியமா கேபர்னே கலந்தது எடுக்கலாம், அந்த டானின் கொழுப்ப அறுத்துக் குடுக்கும், அடுத்த வாய் புதுசா தெரியும். சப்பாத்தி பன்னீர் கிரேவின்னா மெர்லோ. மீன் குழம்புக்கு ரெட்டே வேணாம், வாயில இரும்பு வாசனை அடிக்கும். ரசத்துக்கும் வேணாம். சாப்ட்டு முடிச்சி ஆற்காடு மக்கன் பேடா வச்சிருந்தா, கிளாஸ காலி பண்ணிட்டு அப்பறம் தொடுங்க, இனிப்புக்கு மேல டிரை ஒயின் குடிச்சா வெறும் புளிப்புதான் தெரியும்.

ரெட் ஒயின ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு சொல்றாங்களே, அது குளிர் நாட்டு ரூமு, 16லருந்து 18 டிகிரி. நம்ம ரூம்ல 33, 34 இருக்கும்போது அப்படியே ஊத்தினா ஸ்பிரிட் வாசனைதான் மூக்குல ஏறும். குடிக்கறதுக்கு முக்கா மணி நேரம் முன்னாடி ஃப்ரிட்ஜ்ல வைங்க, கார சாப்பாடுன்னா ஒரு மணி நேரம் கூட வைக்கலாம். ஐஸ் போடாதீங்க, தண்ணியாயிடும். ஒயின் கிளாஸ் இல்லன்னா சாதா கண்ணாடி டம்ளர் போதும், மூணுல ஒரு பங்கு மட்டும் ஊத்துங்க, மேல இடம் இருந்தாதான் வாசனை நிக்கும். சில்வர் டம்ளர் வேணாம்.

750 மில்லி பாட்டில் ஒண்ணுல 150 மில்லி கணக்குல அஞ்சு கிளாஸ் வரும். ரெண்டு பேருக்கு ஒரே ராத்திரில முடிக்கணும்னு கட்டாயம் இல்ல. குடிச்சா வண்டிய எடுக்காதீங்க, மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர கேட்டுட்டு தொடுங்க. மிச்சத்த உடனே இறுக்கி மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சா மூணு நாலு நாள் தாங்கும், அதுக்கப்பறம் வினிகர் வாசனை லேசா வர ஆரம்பிக்கும், அதுக்குள்ள மட்டன் கிரேவில வெங்காயம் வதங்கினதும் ஒரு கரண்டி ஊத்தி நல்லா சுண்ட விட்டுடுங்க.