கடலோரத்தில் ஒரு ஆர்டி 350: வாங்குவதும் வைத்துக்கொள்வதும்

யமஹா ஆர்டி 350-ன் பெயரில் உள்ள ‘ஆர்டி’க்கு ‘ரேஸ் டிரைவ்டு’ என்று விரிவு சொல்வார்கள். பந்தயத்திலிருந்து வந்தது என்று பொருள். 64 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 54 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 347 சி.சி., டூ ஸ்ட்ரோக் இரட்டை சிலிண்டர். யமஹாவின் டி.இசட். 350 பந்தய வண்டிக்கும் இதே போர், இதே ஸ்ட்ரோக்தான். இந்தியாவில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் அந்தப் பத்தாண்டின் கடைசி வரை இதை ‘ராஜ்தூத் 350’ என்று தயாரித்தது. சென்னை அருகே சோழவரம் ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வண்டியின் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. மைலேஜ் இல்லை, ஸ்பேர் விலை அதிகம் என்று அன்று பலர் ஒதுக்கினார்கள். பல வண்டிகள் பழைய இரும்புக்குப் போயின. மிச்சம் இருப்பதைத்தான் இன்று லட்சங்களில் கேட்கிறார்கள்.

வாங்கப் போகிறவர் கடைசியாகப் பார்க்க வேண்டியது பெயிண்ட். முதலில் பேப்பர், அடுத்தது கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு), அதன் பிறகு சிலிண்டர். டேங்க்கில் புது பெயிண்டும் சைலன்சரில் புது குரோமும் சில ஆயிரங்களில் முடிகிற வேலை. கிராங்க்கும் ஆர்.சி.யும் அப்படி இல்லை.

பேப்பர்

ஆர்.சி. புக்கில் உள்ள இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சேஸிஸ் எண் ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் இருக்கும். அந்த இடத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அரைத்த கோடுகள், ஆழம் மாறும் எழுத்து, அந்த இடத்தில் மட்டும் தடித்த பெயிண்ட் ஆகியவை தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். உடைத்த வண்டியின் ஆர்.சி.யை மட்டும் வாங்கி, வேறொரு ஃபிரேமில் அந்த எண்ணைக் குத்தி விற்பது ஆர்டி சந்தையில் நடக்கிற மோசடி. அது பிடிபட்டால் வண்டி போவதோடு வழக்கும் வரும். இன்ஜின் மாற்றிய வண்டி என்றால், அந்த மாற்றம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். நிறத்துக்கும் இதே விதி.

அடுத்து, அரசின் எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். 1989-க்கு முந்தைய பழைய வரிசை எண்கள் பல கணினியில் ஏறாமல் கிடக்கின்றன. அப்படியானால் பழைய புக்கைக் காட்டி, பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதை ஏற்றவைக்கும் வேலையை விற்பவரே முடித்துத் தர வேண்டும் என்று பேசுங்கள். அது முடியும்வரை முன்பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். 15 ஆண்டு முடிந்த வண்டிக்கு ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், படிவம் 25. 20 ஆண்டு தாண்டிய இருசக்கர வண்டிக்கு இந்தக் கட்டணம் 2025-ல் 2,000 ரூபாயானது. இதோடு தாமதக் கட்டணமும் சேரும். எத்தனை ஆண்டாகப் புதுப்பிக்கவில்லை என்று கேட்டு, அந்தத் தொகையை விலையில் கழியுங்கள்.

எங்கள் கடலோரப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் நடுவில் மாநில எல்லை. கடலூர்க்காரர் புதுச்சேரிப் பதிவான பிஒய் எண் வண்டியை வாங்கி அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பது சாதாரணமாகத் தெரிந்தாலும், ஒரு வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்கு என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) தேவை, படிவம் 28. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-ம் 30-ம். பழைய கடன் பதிவு இருந்தால் படிவம் 35. வாங்கும் நாளிலேயே எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் இறந்திருந்தால் வாரிசுகள் பெயருக்கு மாற்றிய பிறகே வாங்குங்கள். “அண்ணன் கையெழுத்து நானே போட்டுத் தர்றேன்” என்கிற பேச்சை ஏற்காதீர்கள்.

‘விண்டேஜ்’ பதிவு வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த 2021 விதி, முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு மட்டும். 1983 வண்டிக்கே 2033-ல்தான் அந்த வயது வரும்.

ஹை டார்க்கா, லோ டார்க்கா

தொடக்க ஆண்டுகளில் வந்தது ஹை டார்க் (அதிக முறுக்குவிசை), சுமார் 30 குதிரைத்திறன். மைலேஜுக்காகக் குறைத்துப் பின்னால் வந்தது லோ டார்க், சுமார் 27. விற்பவர்கள் எல்லா வண்டியையும் ஹை டார்க் என்பார்கள். ஆர்.சி.யில் உள்ள ஆண்டைப் பாருங்கள், பிறகு சைலன்சரைக் கழற்றி, சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் வாயான எக்ஸாஸ்ட் போர்ட்டைப் பாருங்கள். போர்ட்டின் விளிம்பில் கைஅரத்தின் கீறல் இருந்தால் யாரோ அறுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். ‘ரேஸ் டியூனிங் செய்தது’ என்று அதற்குக் கூடுதல் விலை கேட்பார்கள். சேர்த்துவைக்க வாங்குகிறவருக்கு அது குறைதான். அறுத்த போர்ட்டைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவர முடியாது. கைவைக்காத லோ டார்க், அறுத்துப்போட்ட ஹை டார்க்கைவிட நல்ல வண்டி. இது எங்கள் உறுதியான கருத்து.

இன்ஜினைச் சோதிப்பது

போவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள்: “நாங்க வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணிடாதீங்க.” போனதும் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். சூடான டூ ஸ்ட்ரோக் தன் குறைகளில் பாதியை மறைத்துவிடும்.

முதல் சில நிமிடம் நீலப்புகை வருவது இயல்பு. சூடேறியதும் மெலிய வேண்டும். மெலியாமல் கெட்டியான வெண்புகை தொடர்ந்தால், கிளட்ச் பக்கமுள்ள வலது கிராங்க் சீல் (கிராங்க்கின் முனையைக் கசியாமல் மூடும் ரப்பர் வளையம்) போய், கியர்பாக்ஸ் ஆயிலை இன்ஜின் உறிஞ்சுகிறது. புகையாவது கண்ணுக்குத் தெரியும். இடது பக்க சீல் போனால் புகையே வராது. காற்றை இழுத்து, பெட்ரோல்-காற்றுக் கலவையை மெலிதாக்கி, பிஸ்டனைச் சிலிண்டரில் இறுகிப் பிடிக்கவைக்கும். அதற்கு அடையாளம்: த்ராட்டிலை மூடிய பிறகும் ஆர்.பி.எம். உடனே இறங்காமல் மேலேயே தொங்கும். கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் இன்டேக் ரப்பர் வெடித்திருந்தாலும் இப்படித்தான் செய்யும் என்பதால், முதலில் ரப்பரை மடக்கிப் பாருங்கள்.

இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளவெடுங்கள். வித்தியாசம் பத்து சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. பிறகு கிளட்சைப் பிடித்தும் விட்டும் சத்தம் கேளுங்கள். ஆறு கியரிலும் ஓட்டி, ஒவ்வொன்றிலும் த்ராட்டிலைத் திடீரென்று முறுக்கி, கியர் வெளியே தாவுகிறதா என்று பாருங்கள். கால்மிதியிலும் டேங்க்கிலும் ஒரு ஆர்.பி.எம்.மில் மட்டும் அல்லாமல் எல்லா வேகத்திலும் அதிர்வு இருந்தால், கிராங்க் நேர்கோட்டில் இல்லை. இது பிரஸ் செய்து சேர்த்த கிராங்க். நேர் பார்க்கத் தெரியாத லேத்தில் கனெக்டிங் ராடு மாற்றினால் வளைந்துவிடும். டயல் கேஜில் விலகல் 0.03 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சிலிண்டரைக் கழற்றினால் ராடின் மேல்முனையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், 2 மி.மீ. தாண்டினால் பிக் எண்ட் (ராடின் கீழ்முனை பேரிங்) தேய்ந்துவிட்டது.

எந்த போரில் ஓடுகிறது என்பதையும் கேளுங்கள். ஸ்டாண்டர்டு 64.00, தேயும்போது 0.25 மி.மீ. படிகளாகக் குடைந்து 65.00 வரை போகலாம். 65-ல் ஓடும் சிலிண்டருக்கு இன்னொரு போர் கிடையாது, புது ஸ்லீவ் (சிலிண்டரின் உள் உறை) போட வேண்டியதுதான்.

வாங்கியதும் செய்ய வேண்டியது

விற்றவர் எவ்வளவு நல்லவரானாலும், ஓட்டத் தொடங்கும் முன் லீக் டெஸ்ட் செய்யுங்கள். இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்து, சைக்கிள் பம்பும் சிறு கேஜும் கொண்டு 6 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றுங்கள். நிமிடத்துக்கு 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைத் தேடுங்கள்: கிராங்க் சீல், பேஸ் கேஸ்கட், ரீட் பிளாக் (இன்டேக்கில் உள்ள ஒருவழி வால்வுகளின் கூடு). வருடக்கணக்கில் நின்ற வண்டியில் சீல் ரப்பர் கல்லாகியிருக்கும். இரண்டு பக்கமும் மாற்றிவிடுவதே நல்லது. ரீட் வால்வின் இதழ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனி உடைந்திருந்தால் அந்தத் துண்டு எங்கே போனது என்று தேடவும் வேண்டும்.

டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி வரும் நேரத்தை, காதால் வைக்காதீர்கள். பிளக் ஓட்டையில் டயல் கேஜ் மாட்டி, பிஸ்டன் உச்சியில் சுழியம் வைத்து, உச்சிக்கு 2.0 மி.மீ. முன்பே பாயின்ட் (பொறியை எழுப்பும் தொடுமுனை) திறக்கும்படி இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனியாக வையுங்கள். பாயின்ட் இடைவெளி 0.30 முதல் 0.40 மி.மீ. ஒரு பக்கம் சற்று முந்தினாலும் அந்தப் பக்க பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும். பிளக் என்.ஜி.கே. பி8ஹெச்எஸ். கார்புரேட்டர் இரண்டின் ஸ்லைடும் ஒரே நொடியில் எழ வேண்டும். காற்றுவடிகட்டிக் குழாயைக் கழற்றி இரண்டிலும் விரல் வைத்து த்ராட்டிலை மெல்லத் திருப்பினால் தெரியும்.

ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஓட்டும் வண்டிகளே அதிகம். பம்ப் இருந்தால் சரிசெய்யுங்கள், அது வேகத்துக்கு ஏற்றபடி ஆயில் தரும். கேபிளின் தொய்வு போகும் புள்ளியில் பம்ப் கப்பியின் குறி, முளைக்கு நேராக நிற்க வேண்டும். குழாயில் காற்றுக் குமிழ் ஒன்றுகூட இருக்கக்கூடாது. பம்ப் இல்லையென்றால் லிட்டருக்கு 30 மி.லி. நல்ல டூடி (2T, டூ ஸ்ட்ரோக்) ஆயில். புது போருக்கு முதல் 500 கி.மீ. வரை 40 மி.லி.

பிஸ்டன் மறுபடி பிடித்தால், சிலிண்டரைக் குடைந்து போர் போடும் முன் பிஸ்டனில் உள்ள தழும்பைப் படியுங்கள். நான்கு மூலையிலும் கோடு என்றால் கிளியரன்ஸ் போதவில்லை அல்லது சூடேறும் முன்பே முறுக்கியிருக்கிறீர்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் என்றால் கலவை மெலிவு அல்லது ஆயில் குறைவு. காரணத்தை விட்டுவிட்டு பிஸ்டனை மட்டும் மாற்றினால் அடுத்த பிஸ்டனும் போகும். ஈ.சி.ஆரில் நீளமாக முறுக்கும்போது, பிஸ்டன் பிடித்தால் உடனே கிளட்சை இழுக்க இரண்டு விரல் கிளட்ச் லீவரிலேயே இருக்கட்டும்.

இன்றைய ஈ20 (20 சதவீத எத்தனால் கலந்த) பெட்ரோலில் பழைய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) அளவில் கலவை மெலிந்துதான் ஓடும். மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றி, பிளக்கின் நிறம் காபிப் பழுப்பில் வருகிறதா பாருங்கள். சாம்பல் வெளுப்பு வந்தால் இன்னொரு படி. பெட்ரோல் குழாய், டேப் வாஷர், மிதவை அறையின் கேஸ்கட் மூன்றையும் எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றுங்கள்.

பிரேக் பற்றி ஒன்று. ஜப்பான் வண்டியில் இருந்த முன் டிஸ்க் இங்கே வரவில்லை. இரட்டை லீடிங் ஷூ டிரம்தான். இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் தொடும்படி இணைப்புக் கம்பியைச் சரிசெய்தால் நன்றாகவே நிற்கும். யாரும் அதைத் தொடுவதில்லை, பிறகு பிரேக் இல்லை என்கிறார்கள்.

கழற்றும் ஒரிஜினல் பாகம் எதையும் விற்காதீர்கள். எக்ஸ்பான்ஷன் சேம்பர் (பந்தய வகை சைலன்சர்) மாட்டினாலும் பழைய சைலன்சரை உள்ளே ஆயில் தடவிக் கட்டி வையுங்கள்.

உப்பும் வெள்ளமும்

புதுச்சேரி கடற்கரைச் சாலைப் பக்கமோ கடலூர் தேவனாம்பட்டினமோ போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவுவதில் பயனில்லை. ஸ்போக் நிப்பிள், ரிம்மின் உட்பக்கம், மட்கார்டின் அடி, இந்த மூன்றில்தான் துரு தொடங்கும். காய்ந்த பிறகு மெழுகு பூசுங்கள். மூடுவதற்குப் பருத்தித் துணி; பிளாஸ்டிக் உறை உள்ளே வியர்த்து, திறந்து வைத்ததைவிட வேகமாகத் துருவேற்றும்.

மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரை வடித்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த ஈரக்காற்றில் தண்ணீரை இழுக்கும், அந்தத் தண்ணீர் டேங்க்கின் அடியில் தங்கும். பிளக் ஓட்டை ஒவ்வொன்றிலும் 5 மி.லி. டூடி ஆயில் விட்டு, கிக்கரை மெல்ல நாலைந்து முறை மிதியுங்கள். சைலன்சர் வாயை ஆயில் துணியால் அடையுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்யும் முன் எடுக்க மறக்க வேண்டாம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது, அடுத்து தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. அதன் பின் விற்பனைக்கு வரும் வண்டியில் ஹெட்லைட் கூட்டுக்குள் சேறு, மீட்டர் கண்ணாடிக்குள் நீர்க்கோடு, பால் நிறக் கியர் ஆயில் ஆகியவற்றைத் தேடுங்கள். உங்கள் வண்டியே மூழ்கினால் கிக்கரைத் தொடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, இரண்டு பிளக்கையும் எடுத்து, டேங்க், கார்புரேட்டர், கியர்பாக்ஸ் மூன்றையும் வடியுங்கள். டாப் கியரில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, அன்றே சிலிண்டருக்குள் டூடி ஆயில் விட்டு மறுபடி சுற்றுங்கள். சேற்றுத் தண்ணீர் என்றால் எவ்வளவு செலவானாலும் கிராங்க்கைப் பிரித்துக் கழுவ வேண்டும். பேரிங்கில் தங்கிய மணலோடு ஒருமுறை ஸ்டார்ட் ஆனாலும் கிராங்க் போய்விடும்.