வான் ஜோனை வீணாக்கும் வழிகள்

பிரான்ஸில் பர்கண்டிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே கிடக்கும் ஜூரா வட்டாரத்தின் பேர்பெற்ற ஒயின் வான் ஜோன். வெள்ளை ஒயின்தானே என்று ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றிவிடுகிறார்கள். 7, 8 டிகிரியில் மணம் எழும்பாது, புளிப்புதான் நாக்கில் நிற்கும். 14 முதல் 16 டிகிரி வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் முன்பே திறந்து வையுங்கள்.

முகர்ந்ததும் ‘கெட்டுப்போச்சு’ என்று ஒதுக்குவது இதைவிடப் பெரிய தவறு. சவான்யான் திராட்சையின் ஒயினைப் பீப்பாயில் ஊற்றியபின், ஆவியாகிக் குறைவதை நிரப்பாமல் விடுவார்கள். மேலே பாலாடை போல ஈஸ்ட் படரும். அது உள்ளே போகும் காற்றை மட்டுப்படுத்துவதால் ஒயின் வினிகராவதில்லை. அறுவடைக்குப் பின் ஆறாம் ஆண்டு டிசம்பர் 15 வரை காத்திருப்பு. அதில் குறைந்தது 60 மாதம் அந்த ஆடைக்கடியில். அங்கே உருவாகும் சோடோலான்தான் அக்ரூட், மசாலா வாசனைக்குக் காரணம். வெந்தயத்தின் மணமும் அதே சேர்மம்தான், ஆகவே நம் மூக்கு மிரளத் தேவையில்லை. நெயில் பாலிஷ் வாடை தூக்கலாக அடித்தால்தான் கோளாறு.

ஜூராவின் வெள்ளை ஒயின் எல்லாமே இப்படி இருக்காது. லேபிளில் ‘ஊயே’ என்றிருந்தால் பீப்பாயை அவ்வப்போது நிரப்பியது, சுவை பழத்தன்மையோடு இருக்கும். ‘சூ வுவால்’ என்றால் ஆடைக்கடியில் வளர்ந்தது. ஒன்றும் போடவில்லையா, கேட்டு வாங்குங்கள்.

பாட்டிலில் 620 மில்லிதான் இருக்கும். அது ஏமாற்று இல்லை, சட்டப்படியான அளவே அதுதான்.

சில லேபிளில் வரும் ‘ஷாத்தோ ஷாலோன்’ கோட்டையின் பெயரல்ல, ஜூராவிலுள்ள ஓர் ஊரின் பெயர். அந்தப் பெயரில் வான் ஜோன் மட்டுமே வரும். தரம் போதாத ஆண்டில் அதுவும் வராது: 1974, 1980, 1984, 2001. இந்த ஆண்டுகளைப் போட்டு யாராவது விற்றால் நடையைக் கட்டுங்கள்.

கோழியும் மோரல் காளானும் சேர்த்துச் சமைக்கும்போது முழு பாட்டிலையும் கொதிக்க விடுவது காசைக் கரியாக்குவது. வேக வைக்கச் சாதாரண சவான்யான் ஒயின் போதும். கிரீம் சேர்த்து அடுப்பை அணைக்கும் முன் 50 மில்லி வான் ஜோன் ஊற்றினால் மணம் தங்கும்.

மிச்சத்தை மறுநாளே கொட்டிவிடாதீர்கள். காற்றோடு பழகிய ஒயின் இது. கார்க்கை மூடி நிமிர்த்தி வைத்தால் சில வாரம் தாங்கும். கோந்தே சீஸ் ஒரு துண்டு எப்போது கைக்கு வந்தாலும் எடுத்து ஊற்றலாம்.