வீகன் ஆன பிறகு பீரோவில் கிடக்கும் பட்டுத்துணியையும் தோல் பொருளையும் என்ன செய்வது?

விலங்கிலிருந்து வரும் எதையும் பயன்படுத்துவதில்லை என்று முடிவெடுத்து வீகன் ஆனால், பாலையும் முட்டையையும் ஒரே நாளில் நிறுத்திவிடலாம். பீரோவைத் திறக்கும்போதுதான் சிக்கல் தெரியும்: கூறைப்புடவை, தோல் பெல்ட், ஊட்டியில் வாங்கிய கம்பளி ஸ்வெட்டர், முத்துத் தோடு. எல்லாவற்றையும் அன்றைக்கே மூட்டை கட்டி வெளியேற்றத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். முன்பே வாங்கிவிட்ட பொருளைக் குப்பையில் போட்டால் எந்தப் பட்டுப்புழுவும் பிழைக்காது. அதை வாங்கிக்கொள்பவர் கடையில் புதிதாக ஒன்று வாங்குவதைத் தவிர்த்தால்தான் பலன் உண்டு. எதை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

முதலில் தனியே எடுத்து வைக்க வேண்டியவை காட்டு உயிரினங்களிலிருந்து வந்தவை. தாத்தா காலத்துப் புலிநகச் சங்கிலி, யானைமுடி மோதிரம், மான்கொம்பு, பழைய வீணையில் பதித்த தந்தத் துண்டு, ஷோகேஸில் இருக்கும் வெள்ளைப் பவளப்பாறைத் துண்டு. 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைக் கட்டுப்படுத்துகிறது. விற்கக் கூடாது, ஆன்லைனில் படம் போட்டு "யாருக்காவது வேண்டுமா" என்று கேட்கவும் கூடாது. வனத்துறை தந்த உரிமைச் சான்றிதழ் இருந்தால், 2022 திருத்தத்தில் சேர்ந்த 42ஏ பிரிவின்படி, தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கு ஏழு வேலை நாள் முன்னறிவிப்பு கொடுத்து ஒப்படைக்கலாம். பணம் எதுவும் வராது. சான்றிதழ் இல்லையென்றால் வைத்திருப்பதே பிரச்சினை. வழக்கறிஞரிடம் பேசிவிட்டு அதன் பிறகு வனத்துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இயல்பாக உதிர்ந்த மயில் தோகைக்கு இந்தக் கெடுபிடி இல்லை, ஆனால் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

அடுத்தது பட்டு. பீரோவில் இருப்பதெல்லாம் பட்டுதானா என்று முதலில் பாருங்கள். அசல் பட்டுக்குத் தரும் சில்க் மார்க் சீட்டு இருந்தால் சந்தேகமில்லை. 'ஆர்ட் சில்க்' என்று பில்லில் இருந்தால் அது செயற்கை நூல். 'சாஃப்ட் சில்க்' என்றால் பெரும்பாலும் அசல் பட்டு, ஆனால் அதே பெயரில் பாலியஸ்டரும் விற்கிறார்கள். சந்தேகமானால் முந்தி ஓரத்தில் பாவிலிருந்து (நீளவாக்கில் ஓடும் நூல்) இரண்டு நூல், ஊடையிலிருந்து (குறுக்கே ஓடும் நூல்) இரண்டு நூல் எடுத்து, எவர்சில்வர் தட்டின் மேல் தனித்தனியாகக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடையும் விரலில் நசுங்கும் கரியும் வந்தால் பட்டு. உருகிக் கெட்டியான மணியானால் பாலியஸ்டர். காகிதம் எரிகிற வாடை வந்தால் பருத்தி அல்லது விஸ்கோஸ். பாவையும் ஊடையையும் பிரித்துச் சோதிக்கச் சொல்வதற்குக் காரணம், ஒன்றில் பட்டும் மற்றொன்றில் பாலியஸ்டரும் போட்டு நெய்வதுண்டு.

பட்டுப்புடவை போய்ச்சேர நல்ல இடம், அடுத்த மாதம் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கவிருக்கும் உறவுக்காரப் பெண். கடைக்குப் போகும் முன்பே கொடுத்துவிடுங்கள். எடுத்து முடித்த பிறகு கொடுத்தால் அவரிடம் இரண்டு புடவை ஆகிவிடும். வெள்ள நிவாரண மூட்டையில் பட்டைப் போடுவது யாருக்கும் உதவாது, அங்கே தேவை துவைத்துக் கட்டும் நூல் புடவை. கிழிந்து நைந்ததை ஜரிகைக்காக விற்கலாம். ஜரிகையை நகத்தால் சுரண்டி, உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் அசல் வெள்ளி ஜரிகையாக இருக்க வாய்ப்பு அதிகம். வாசலில் வந்து "புடவைக்கு இவ்வளவு" என்று மொத்தமாக விலை சொல்பவரிடம் கொடுக்காமல், கருவியில் வெள்ளியளவைச் சோதித்துக் காட்டும் கடைக்குப் போங்கள். கிளம்பும் முன் வீட்டுத் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்குத்தான் காசு, பட்டு நூலுக்கு இல்லை என்பதால் கரையும் முந்தியும் அகலமான புடவைக்கே சொல்லிக்கொள்ளும்படி ஏதாவது கிடைக்கும்.

கூறைப்புடவை விஷயம் வேறு. வீட்டில் கேட்காமல் விற்றால் வரும் சண்டை, உங்கள் கொள்கையையே எல்லோரும் வெறுக்க வைத்துவிடும். வைத்துக்கொள்வதென்றால் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் மடிப்பு விழுந்த இடத்தில் ஜரிகை ஒடிந்து, துணி நீளவாக்கில் விட்டுப்போகும். நாப்தலீன் உருண்டை ஜரிகையில் படக் கூடாது.

தோல் செருப்பும் ஷூவும் தேயும்வரை போட்டுவிட்டு மாற்றுவதே எங்கள் கட்சி. அடி தேய்ந்தால் ரப்பர் அடி ஒட்டித் தையுங்கள். போட மனம் ஒப்பவில்லை என்றால், அதே அளவு காலுள்ளவருக்கு நல்ல நிலையிலேயே கொடுங்கள். அட்டைப்பெட்டிக்குள் ஒரு மழைக்காலம் கிடந்தால் பூஞ்சை பிடித்து, கொடுக்கவும் லாயக்கில்லாமல் போகும். மாற்றாக ரெக்சின் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பாலியூரித்தேன் பூச்சு ஈரக்காற்றில் சிதைந்து தோல் உரிவதுபோல் உரியும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். பைக்கும் பெல்ட்டுக்கும் கேன்வாஸ் நின்று உழைக்கும். வாட்சுக்கு ஸ்ட்ராப்பை மட்டும் மாற்றினால் போதும். வாட்சில் ஸ்ட்ராப் மாட்டும் இரண்டு காதுகளுக்கும் நடுவிலுள்ள அகலத்தை அளந்து (18, 20, 22 மி.மீ. என்பவை வழக்கமான அளவுகள்) நைலான் பட்டை கேளுங்கள்.

போகிக்குத் தோல் பொருளை எரிக்கவே எரிக்காதீர்கள். இன்றைய தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பால் பதனிட்டது. எரியும்போது அந்தக் குரோமியம் நச்சு மிகுந்த ஆறிணைத்திற (குரோமியம்-6) வடிவத்துக்கு மாறக்கூடும். ராணிப்பேட்டை மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததும் குரோமியக் கழிவுதான்.

கம்பளிக்கு அந்துப்பூச்சிதான் எதிரி. வெயிலில் மூன்று மணி நேரம் போட்டு, பிரஷால் தட்டிய பிறகே கொடுக்கவோ மடிக்கவோ வேண்டும். இல்லாவிட்டால் மடிப்புக்குள் இருக்கும் முட்டை பொரிந்து, பக்கத்திலுள்ள பட்டுத்துணியையும் புழு அரிக்கும். நைந்த கம்பளியைத் தெருநாய்க் காப்பகத்துக்குத் தரலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே குட்டிகளுக்கு விரிக்கத் துணி தேவைப்படும். போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

முத்தும் பவளமும் பதித்த நகையை விற்றால் கடைக்காரர் கல் எடையைக் கழித்துத் தங்கத்துக்கு மட்டும் விலை போடுவார். முத்துக்கு அநேகமாக ஒன்றும் வராது. தோலிழுத்த மிருதங்கத்தை மூட்டு (தட்டி வாசிக்கும் தோல் பகுதி) போகும்வரை வாசியுங்கள். அதன் பிறகு செயற்கைத் தோல் வகையை முயலலாம், ஆனால் நாதம் வேறுபடும் என்பதால் குருவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சமையலறையில் மீதமிருக்கும் நெய்யும் தேனும் பக்கத்து வீட்டுக்குப் போகட்டும், பிரித்த தேதியைப் பாட்டிலில் எழுதி.