டெஸ்க்டொப், செக்யூரிட்டி சொப்ட்வெயர் பக்கம் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ கம்பஸ் முடித்து வருகிற பிள்ளைகளிடம் அடுத்தது என்ன என்று கேட்டால் பெரும்பாலும் வெப் என்பார்கள், இல்லாவிட்டால் சைபர் செக்யூரிட்டி என்பார்கள். டெஸ்க்டொப் சொப்ட்வெயர் எழுதப் போகிறேன் என்று சொல்கிற ஆளைக் காண்பது அரிது, அது ஏதோ பழைய காலத்து வேலை என்று ஒரு எண்ணம். அன்டிவைரஸ், விபிஎன், பேக்கப், பாஸ்வேர்ட் மனேஜர் எல்லாம் டெஸ்க்டொப்பில் உட்கார்ந்து வேலை செய்கிறவைதானே, அதையும் யாரோ எழுதத்தான் வேண்டும். மட்டக்களப்பில் வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக் கொம்பனிக்கும் எழுதலாம். ஆனால் இந்தப் பக்கம் வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

செக்யூரிட்டி என்றால் ஹெக்கிங் என்று நினைப்பதில் தொடங்கும். லெப்டொப்பில் காலி லினக்ஸ் (ஹெக்கிங் டூல்களோடு வருகிற ஓபரேட்டிங் சிஸ்டம்) போட்டு, பக்கத்து வீட்டு வைஃபையை உடைக்கப் பார்த்து, ஸ்கிரீன்ஷொட்டை பேஸ்புக்கில் போட்டால் யாரும் வேலை தரப்போவதில்லை. அதோடு அது குற்றமும்கூட. இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி அனுமதியில்லாமல் அடுத்தவரின் கணினிக்குள் நுழைவதே குற்றம்தான், நல்லெண்ணத்தில்தான் அந்த வெப்சைட்டில் ஓட்டை தேடினேன் என்கிற சமாதானத்தை நம்பி இறங்காதீர்கள். பழகுவதென்றால் உங்கள் சொந்த வேர்ச்சுவல் மெசினில் (கொம்பியூட்டருக்குள் சொப்ட்வெயராக ஓடுகிற இன்னொரு கொம்பியூட்டர்) பழகுங்கள், அல்லது பக் பவுன்டி, அதாவது ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னால் பரிசு என்று அறிவித்த கொம்பனிகளின் விதிகளுக்குள் நின்று தேடுங்கள். செக்யூரிட்டி சொப்ட்வெயர் எழுத ஆள் எடுக்கிறவர்கள் நேர்முகப் பரீட்சையில் கேட்பது வேறு: ஒரே புரோகிராமுக்குள் சேர்ந்து ஓடுகிற இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் ஒரே பைலைத் தொட்டால் என்ன ஆகும், பின்னணியில் ஓடுகிற ஒரு வின்டோஸ் சேர்விஸ் யாருடைய பெயரில் ஓடுகிறது, இந்த மெமரியை யார் விடுவிக்க வேண்டும். தான் வருடாவருடம் திருத்துகிற ஓட்டைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் மெமரிப் பிழைகள் என்று மைக்ரோசொப்டே 2019இல் சொல்லியிருக்கிறது.

"என்ட மெசின்ல நல்லா ஓடுதே மச்சான்." டெஸ்க்டொப்பில் இதைவிடப் பெரிய வியாதி கிடையாது. வெப் என்றால் பிழை உங்கள் சேர்வரில் இருக்கும், இரவோடிரவாகத் திருத்திவிடலாம். டெஸ்க்டொப்பில் உங்கள் கோட் கல்முனையில் ஏதோ ஒரு பார்மசிக் கொம்பியூட்டரில் கிடக்கும்: 4 ஜிபி ரெம், 2025 ஒக்டோபரோடு சப்போர்ட் நின்றுபோன வின்டோஸ் 10, ஊரில் உள்ள பென்டிரைவ் எல்லாம் வந்து போகிற போர்ட், மாரியில் நினைத்த நேரம் போகிற கரண்ட். சேவ் பண்ணும்போது பழைய பைலைத் திறந்து அதற்கு மேலேயே எழுதுகிற கோட் பாதியில் கரண்ட் போனால் பழையதையும் விடாது, புதியதையும் தராது. புதிதாக எழுதுவதை ஒரு தற்காலிகப் பைலில் எழுதி, அது உண்மையிலேயே டிஸ்க்கில் இறங்கிவிட்டதா என்று உறுதிசெய்துகொண்டு, அப்புறம்தான் பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்க வேண்டும். நாலைந்து வரி கூடும், அவ்வளவுதான்.

அந்தக் கொம்பியூட்டரில் யூசர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால்? வின்டோஸில் தமிழுக்குப் பழைய அன்சி கோட் பேஜ் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்து அட்டவணை) என்று ஒன்று கிடையவே கிடையாது, யூனிகோட் மட்டும்தான். அதனால் சி பிளஸ் பிளஸில் சாதாரண சார் (char) ஸ்ட்ரிங்கில் பைல் பாதையை வாங்கினால் யூசர்ஸ் போல்டருக்குள் 'மலர்' என்று இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும், புரோகிராமும் பைலைக் காணோம் என்று நின்றுவிடும். யூனிகோட் எழுத்துகளைக் கையாளுகிற வைட் கரக்டர் பங்ஷன்களைப் பாவிக்க வேண்டும், அல்லது வின்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து புரோகிராமின் மனிஃபெஸ்டிலேயே (புரோகிராமைப் பற்றி வின்டோஸுக்குச் சொல்கிற குறிப்பு) யூனிகோடின் ஒரு வடிவமான யூ.டி.எப்-8 என்று சொல்லிவிடலாம். வெளிநாட்டு டீம்கள் இதைச் சோதித்துப் பார்ப்பது குறைவு, உங்களுக்கோ ஐந்து நிமிஷ வேலை. தமிழ்ப் பெயரில் ஒரு யூசரை உருவாக்கி அதில் ஓட்டிப் பாருங்கள். இப்படி ஒரு பக்கைப் பிடித்து, ஏன் வந்தது என்று தெளிவாக எழுதி அனுப்புகிற புதியவரை எந்த டீமும் மறக்காது.

பைல் எழுத முடியவில்லை என்று வந்தால் "ரைட் கிளிக் பண்ணி அட்மினா ஓட்டுங்க" என்பதும் இதே குடும்பம்தான். செட்டிங்ஸை புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுதப் போனதுதான் பிழை, யூசரின் சொந்த அப்டேட்டா (AppData) போல்டரில் எழுதியிருந்தால் அட்மின் உரிமையே தேவைப்பட்டிருக்காது. அட்மினாக ஓடுகிற உங்கள் புரோகிராமில் ஒரு ஓட்டை இருந்தால் உள்ளே வருகிறவனுக்கும் அதே உரிமை கிடைக்கும்.

பாஸ்வேர்ட் விஷயத்தில் நடக்கிற கூத்து தனி. பேஸ் 64 போட்டுவிட்டு என்கிரிப்ட் பண்ணியாச்சு என்பார்கள், அது யாரும் ஒரு நொடியில் திருப்பக்கூடிய வெறும் எழுத்து மாற்றம். ஹேஷ் என்றால் திருப்ப முடியாத ஒரு குறியீடாக மாற்றுவது. அதில் எம்.டி.5 என்கிற முறைக்கு 2004இலேயே மோதல், அதாவது இரண்டு வேறு தரவுக்கு ஒரே ஹேஷ், காட்டிவிட்டார்கள், ஷா-1 என்கிற முறைக்கு 2017இல். இரண்டும் வேகமாக ஓடுபவை என்பதால் பாஸ்வேர்டுக்கு அதற்கு முன்பும் பொருத்தமில்லை. பாஸ்வேர்டைச் சரிபார்க்க ஹேஷ் வேண்டுமென்றால் ஆர்கன்2 இருக்கிறது, 2015இல் அதற்கென்றே நடந்த போட்டியில் வென்றது. திரும்ப எடுத்துப் படிக்க வேண்டிய ரகசியமென்றால் வின்டோஸிலேயே ரகசியங்களை என்கிரிப்ட் பண்ணித் தருகிற டி.பி.ஏ.பி.ஐ. (DPAPI) இருக்கிறது. சொந்தமாக அல்கோரிதம் கண்டுபிடிக்க மட்டும் போகாதீர்கள். கீயை எக்ஸி பைலுக்குள் ஒளித்து வைத்தால் யார் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்பவர்கள் பைலுக்குள் கிடக்கிற எழுத்துகளையெல்லாம் எடுத்துக் காட்டுகிற, சிஸ்இன்டர்னல்ஸின் ஸ்ட்ரிங்ஸ் டூலைத் தங்கள் எக்ஸியில் ஒருதரம் ஓட்டிப் பார்க்கட்டும். சி ஷார்ப் என்றால் ஐ.எல்.ஸ்பை என்கிற டூல் கிட்டத்தட்ட சோர்ஸையே விரித்துக் காட்டும்.

அன்டிவைரஸ் உங்கள் புரோகிராமை வைரஸ் என்று பிடித்தால் கஸ்டமரிடம் அன்டிவைரஸை ஓஃப் பண்ணச் சொல்லாதீர்கள். எக்ஸியை யூ.பி.எக்ஸ். என்கிற சுருக்கும் டூல் போட்டுச் சுருக்கியிருந்தால் அதை விடுங்கள், கோட் சைனிங் (இது உங்கள் புரோகிராம்தான் என்று டிஜிட்டல் கையெழுத்து வைப்பது) செய்யுங்கள், தவறாகப் பிடித்தது என்று அந்த அன்டிவைரஸ் கொம்பனிக்கு அனுப்புங்கள். சைனிங்குக்குச் செலவு இருக்கிறது, 2023 ஜூனிலிருந்து அந்தக் கீயை ஹார்ட்வெயர் டோக்கன் போன்ற ஒன்றில்தான் வைத்திருக்க வேண்டும் என்பதும் தலையிடிதான், என்றாலும் வேறு வழியில்லை.

கிராக் போட்ட டூல்களில் கோட் எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2015இல் எக்ஸ்கோட்கோஸ்ட் என்கிற மல்வெயர் வந்தபோது, ஆப்பிள் எப் எழுதுகிற டூலான எக்ஸ்கோடை அதிகாரபூர்வமில்லாத இடத்திலிருந்து இறக்கிய டெவலப்பர்கள் தங்களை அறியாமலே தங்கள் எப்களுக்குள் மல்வெயரைக் கட்டி அனுப்பினார்கள். வின்டோஸில் கோட் எழுதுகிற விசுவல் ஸ்டுடியோவின் கொம்யூனிட்டி பதிப்பு தனியாட்களுக்கு இலவசம், கிராக் தேவையே இல்லை.

அப்டேட்டைச் சாதாரணமாக நினைப்பதுதான் அனுபவசாலிகளும் விடுகிற தவறு. 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்கிற செக்யூரிட்டி கொம்பனி அனுப்பியது புதிய புரோகிராம்கூட இல்லை, ஒரு டேட்டா பைல். அது 21 புலங்களை எதிர்பார்க்க, கோட் கொடுத்ததோ 20. இல்லாத 21ஆவதைப் படிக்கப் போனது வின்டோஸின் மையமான கேர்னலுக்குள் ஓடுகிற ட்ரைவர் என்பதால் வின்டோஸே விழுந்தது, ஏறத்தாழ 85 இலட்சம் மெசின்கள் என்று மைக்ரோசொப்ட் கணக்குச் சொன்னது. டேட்டா பைல்தானே என்று விடாமல் வருகிற எதையும் எண்ணிச் சரிபார்த்துத்தான் படிக்க வேண்டும், அப்டேட்டை முதலில் கொஞ்சப் பேருக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு விட வேண்டும். கேர்னலுக்கு வெளியே செய்ய முடிகிற வேலையைக் கேர்னலுக்குள் கொண்டுபோகவே கூடாது.

வேலை தேடும்போது சிவியில் பத்து மொழியின் பெயரை அடுக்குவதும், ஒரே பிரேம்வேர்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பதும் ஒரேயளவு பலவீனம். மைக்ரோசொப்டின் பிரேம்வேர்க்குகளையே பாருங்கள்: வின்போர்ம்ஸ் 2002இல் வந்தது, டபிள்யூ.பி.எப். 2006இல், சில்வர்லைட் 2007இல் வந்து 2021இல் சப்போர்ட்டும் முடிந்தது. இத்தனைக்கும் அடியில் இருக்கிற வின்32ஐ (வின்டோஸின் அடிப்படை பங்ஷன்கள்) படித்தவர்களுக்கு ஒவ்வொரு முறையும் மேலே இருந்தது மட்டும்தான் மாறியது.

கிட்ஹப்பில் இன்னொரு டூடூ லிஸ்ட் வேண்டாம். ஒரு போல்டரில் எந்தப் பைல் மாறினாலும் சொல்கிற சின்ன டூல் ஒன்றை இன்ஸ்டோலரோடு எழுதுங்கள். புதிய வேர்ச்சுவல் மெசினில் அதை இன்ஸ்டோல் பண்ணி, அன்இன்ஸ்டோலும் பண்ணிவிட்டு, சேர்விஸ் ஏதும் மிச்சம் கிடக்கிறதா, வின்டோஸ் செட்டிங்ஸைச் சேர்த்து வைக்கிற ரெஜிஸ்ட்ரியில் என்ன விட்டுப் போயிருக்கிறது என்று பாருங்கள். வேண்டுமென்றே ஒருதரம் கிராஷ் ஆக்கி, விழுந்த நேரத்து நிலையைப் பதிந்து வைக்கிற டம்ப் பைலை வின்டிபிஜி (WinDbg) என்கிற பிழை தேடும் டூலில் திறந்து எந்த வரியில் விழுந்தது என்று கண்டுபிடித்து, அதையும் ரீட்மீயில் எழுதிவிட்டு சிவியை அனுப்புங்கள்.